மாதச் சம்பளமா, கொந்தராத்தா?



ஜொகூர் பாருவில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மகன் மென்பொருள் நிறுவனத்தில் புரோகிராமர். சம்பளம் 5,000 வெள்ளி. வீட்டுக் கடன் இருக்கிறது, கைக்குழந்தையும் இருக்கிறது. இந்த நேரத்தில் வேறோர் இடத்திலிருந்து அழைப்பு வருகிறது: "ஃப்ரீலான்ஸ் கொந்தராத்து. மாதம் 7,000 வெள்ளி."

மகனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் முகமோ வாடிவிட்டது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவருக்குக் கொந்தராத்து என்றால் வேலை இருந்தால் கூலி, மழை பெய்தால் கையில் காசில்லை.

யார் பக்கம் நியாயம்? இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடட்டும்.

நிரந்தர வேலையில் ஆண்டுச் சம்பளம் 60,000 வெள்ளி. இந்தச் சம்பளத்துக்கு முதலாளி ஊழியர் சேமநிதியில் 13 விழுக்காடு செலுத்த வேண்டும். மாதம் 650, ஆண்டுக்கு 7,800. ஆக மொத்தம் 67,800 வெள்ளி. முதல் இரண்டு ஆண்டுகளிலேயே சம்பளத்தோடு 8 நாள் ஆண்டு விடுமுறை, 14 நாள் மருத்துவ விடுப்பு, 11 பொது விடுமுறைகள் சட்டப்படி உண்டு.

கொந்தராத்தில் 12 மாதமும் வேலை இருந்தால் 84,000 வெள்ளி. நல்ல இலாபம்தான். ஆனால் 9 மாதத்தில் வேலை முடிந்து, அடுத்தது கிடைக்க 3 மாதம் ஆனால்? 63,000தான். சேமநிதியில் முதலாளி பங்கு கிடையாது. காய்ச்சலில் படுத்தால் அன்றைய வருமானமும் கிடையாது. ஏறக்குறைய 10 மாத வேலை இருந்தால்தான் பழைய சம்பளத்துக்கே ஈடாகும்.

அதற்காக, நிரந்தரம் என்ற சொல்லிலும் மயங்கிவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வார முன்னறிவிப்பு போதும். கொந்தராத்திலோ பல வாடிக்கையாளர்களின் வேலையைக் கற்கலாம், சொந்தமாக விலை பேசலாம்.

இன்னொரு விஷயம். பெயர்தான் கொந்தராத்து, ஆனால் காலை 9 மணிக்கு வர வேண்டும், அவர்கள் கணினியில், அவர்கள் சொல்கிறபடி வேலை செய்ய வேண்டும் என்றால்? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. எழுத்து வடிவ வேலை ஒப்பந்தம் இல்லாத நிலையில், வேலை நேரமும் முறையும் மற்றவர் கட்டுப்பாட்டில் இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அவரை ஊழியராகக் கருத அது வழி செய்கிறது. ஆகவே, கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நான் ஊழியனா, வியாபாரியா?"

வியாபாரி என்றால் மூன்று ஏற்பாடுகள் வேண்டும். ஆறு மாத வீட்டுச் செலவு சேமிப்பில் இருக்க வேண்டும். ஒருவரையே நம்பாமல் இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ள வேண்டும். பணம் வந்த அன்றே சேமநிதிக்கும் வருமான வரிக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். சேமநிதியில் சொந்தமாகச் சந்தா கட்டலாம். சுயதொழில் செய்வோருக்காக 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொக்சோ பாதுகாப்பும் உண்டு.

இந்த மூன்றும் தயாராக இருந்தால் மகன் துணிந்து இறங்கலாம். இல்லாவிட்டால், இன்னும் ஓராண்டு சம்பளத்தில் இருந்து சேர்த்துக்கொள்ளட்டும். அப்பாவின் அச்சம் கோழைத்தனம் அல்ல, அனுபவம். மகனின் ஆசையும் தவறல்ல. கணக்குத் தெளிவானால், வீட்டில் சண்டைக்கு இடமே இல்லை.