வாடும் சரக்கோடு ஒரு வாழ்நாள்

(பூக்கார அம்மாள் படத்திறப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பஸ் நிலையத்துக்கு வெளியே, புளியமரத்தடியில், ஈரச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த நம் பூக்கார அம்மாளின் படத்தைத் திறந்துவைக்கக் கூடியிருக்கிறோம். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பூக்காரம்மா" என்றால் கைக்குழந்தையும் அந்த மரத்தடியைத்தான் காட்டும். நாமும் அப்படியே சொல்லுவோம்.

அவருடைய நாள் எப்போது தொடங்கும்? கோழி கூவுமுன் எழுந்து, நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு முதல் பஸ் பிடிப்பார். மல்லிகையை மொட்டிலேயே பறித்தாக வேண்டும். அதனால் பூப்பறிக்கும் கூலிப் பெண்கள் இருட்டிலேயே காட்டில் இறங்குகிறார்கள். ஒரு கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மொட்டு. விரல் நுனியில் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கிற விவசாயக் கூலித் தாய்மார்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். மதுரைச் சீமையின் மண்ணுக்குப் பெயர் கிடைத்தது. பறித்த விரலுக்கும் கட்டிய விரலுக்கும் என்ன கிடைத்தது என்று அம்மாள் ஒருநாள் நம்மைக் கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை.

நெல்லென்றால் குதிரில் போட்டு நாலு மாதம் விலை பார்க்கலாம். நூலென்றால் கிடங்கில் அடுக்கலாம். பூவை என்ன செய்வது? காலையில் மொட்டு, ராத்திரிக்குள் மலர்ந்துவிடும், மறுநாள் குப்பை. ஆகவே பூக்காரியைக் காத்திருக்க வைக்கக்கூடியவன் எவனோ, அவனே அவளுக்கு எஜமான்! கமிஷன் மண்டிக்காரன் காத்திருக்க வைப்பான். தண்டல்காரன் காத்திருக்க வைப்பான். காக்கிச்சட்டையும் காத்திருக்க வைக்கும்.

பனிக்காலத்தில் வரத்துக் குறைந்தால் மல்லிகை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போகும். கோடையில் பூ கொட்டும்போது நூறு, இருநூறுக்கு இறங்கும். எந்த விலைக்கு வாங்கினாலும் அம்மாளுக்குக் கைமுதல் கிடையாது. காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1000 ரூபாயாகக் கட்டினார். ஒரு நாளைக்கு நூறு ரூபாய் வட்டி! கந்துவட்டியைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003-லேயே சட்டம் இருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருந்தது, தண்டல்காரன் புளியமரத்தடியில் நின்றான்.

இவ்வளவுக்கும் நடுவே அவர் முழம் குறைத்ததில்லை. முழங்கையை மடக்கி நாலு விரற்கடை திருடுகிற வித்தை அவருக்குத் தெரியாமலில்லை. அளந்து முடித்துக் கொசுறாக ஒரு துண்டு சேர்ப்பார். இரண்டாம் ஷிப்டு முடிந்து பஞ்சாலைப் பெண்கள் பஸ் ஏற வரும்வரை ஈரத்துணிக்கடியில் கொஞ்சம் பூ வைத்திருப்பார். "காசு நாளைக்குக் குடு தாயி, பூ நாளைக்கு இருக்காது" என்பார். எத்தனை வீட்டுக் கடன் அப்படி நின்றது என்பது இங்கே முன்வரிசையில் இருப்பவர்களுக்கே தெரியும். சிரிக்க வேண்டாம், நம் வீட்டுக் கணக்கும் அதில் உண்டு.

ஒன்றை வெட்கத்தோடு சொல்லுகிறோம். முப்பது வயதில் கணவரை இழந்தவர் அவர். அவர் கட்டிய மாலை மணமேடைக்குப் போகும், அவர் போகக்கூடாது. நாற்பது ஆண்டு ஊர்ப் பெண்களின் தலைக்கெல்லாம் பூக் கொடுத்த கை, தன் தலைக்கு ஒரு மொட்டை எடுக்கவில்லை. மேடையில் மூடநம்பிக்கையைச் சாடுகிற நம்மில் எத்தனை பேர் நம் வீட்டுக் கலியாணத்தில் அவரை முன்வரிசைக்கு அழைத்தோம்? ஒருவரும் இல்லை. மாலையை வாசலில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தனுப்பினோம்.

2014-ல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் விரட்டக்கூடாது என்றது அது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றது. ஆனால் 2017-ல் ஒரு முகூர்த்த நாள் காலை லாரி வந்தது. கூடையோடு பூவைத் தூக்கிப் போட்டார்கள். நாங்களும் அம்மாளோடு ஓடினோம். அழுகும் சரக்கைக் கேட்ட அன்றே திருப்பித்தர வேண்டும் என்ற பிரிவைக் காட்டினோம். அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, மாலை ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுத்தார். அன்றே கொடுத்துவிட்டாராம்! கூடைக்குள் கை விட்டால் வெந்த கீரை மாதிரி இருந்தது. அம்மாள் கோபப்படவில்லை. "சட்டம் எழுதுனவுக பூ வாங்கிப் பாத்ததில்ல போலய்யா" என்றார்.

மறுவாரம் எட்டுப் பூக்காரிகளைத் தாமே திரட்டிக்கொண்டு வந்தார். கையெழுத்துத் தெரியாதவர், கைநாட்டு முதலில் அவருடையது. நாலு வருஷம் நடையாய் நடந்து சான்றிதழ் வாங்கினார்கள்.

நடுவே 2020 வந்தது. மார்ச்சில் ஊரடங்கு. பங்குனித் திருவிழா இல்லை, சித்திரைத் திருவிழா இல்லை, கோவில் கதவு மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. செடியில் பூத்ததைப் பறிக்க ஆளில்லை. பறித்தது மாட்டுக்குப் போயிற்று. அம்மாள் காதிலிருந்ததைக் கழற்றி அரிசி வாங்கினார், பக்கத்துக் குடிசைக்கும் அளந்தார். தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் என்று அந்த ஆண்டே அறிவிப்பு வந்தது. அதற்காக வங்கி வாசலில் நாலு நாள் நின்று வாங்கி, முதல் வேலையாகத் தண்டல்காரன் கணக்கைத் தீர்த்தார். அதற்குப்பிறகு அவனிடம் போகவில்லை.

இப்போது மரத்தடியில் அவர் மகள் உட்கார்ந்திருக்கிறார். புருஷன் விட்டுப்போய், தாயின் வருமானத்திலேயே பிள்ளையை வளர்த்தவர். பஸ் நிலையத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களாம்; அம்மாள் இறந்தபின் அந்தச் சான்றிதழ் செல்லாதாம். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். சான்றிதழின் காலம் முடியும்வரை, இறந்தவரை நம்பியிருந்த பிள்ளை அதே இடத்தில் விற்கலாம் என்று அதே சட்டம் சொல்லுகிறது. இடம் மாற்றுவதானாலும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சி அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறோம். முதல் ஷிப்டுத் தோழர்கள் ஷிப்டு மாற்றிக்கொண்டு வாருங்கள். நடவு இல்லாத தாய்மார்கள் எல்லோரும் வாருங்கள். மகளும் கூடையோடு வருகிறார். அன்றைக்குப் பூ வேண்டுமென்றால் பஸ் நிலையத்தில் தேடவேண்டாம், நகராட்சி வாசலுக்கு வாருங்கள்.