தேன் வாங்கும் வகை

சித்த வைத்தியர் சூரணத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும்போது, 'தேனிற் குழைத்துக் காலையும் மாலையும் கொடுங்கள்' என்று சொல்லிவிடுகிறார். சூரணம் அவர் கையால் இடிக்கப்பட்டது; அதில் எந்தச் சரக்கு எவ்வளவு சேர்ந்தது என்பது அவருக்குத் தெரியும். தேனைத் தேடுவதோ நோயாளியின் வீட்டார் பொறுப்பு. அவர்கள் கடைத்தெருவுக்குச் சென்று, தட்டில் நிற்கும் போத்தல் ஒன்றை வாங்கி வருகின்றனர். அது எந்த ஊர்த் தேன், எந்த மாதம் எடுத்தது, தேன்தானா என்று கேட்டால், கடைக்காரருக்கும் பல வேளைகளில் விடை தெரியாது. மருந்திற் பாதி அறிந்தவர் கையிலிருந்து வருகின்றது. மற்றப் பாதி எங்கிருந்து வருகின்றதென்று சொல்வாரில்லை.

இலங்கைக்குத் தேன் புதிய பண்டமன்று. வள்ளியம்மையின் கதையிலே தேனும் தினைமாவும் பிரியாதவை; அக்கதையைத் தமிழ் அடியார்கள் கதிர்காமத்தோடு இணைத்தே போற்றி வருகின்றனர். கண்டி இராச்சியத்தில் நெடுங்காலம் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் எழுதி, 1681 இல் இலண்டனில் அச்சேறிய நூல், இந்நாட்டுத் தேனீ வகைகளை வேறு வேறாகப் பிரித்துக் கூறுகின்றது. வேடர்கள் மரப்பொந்திலே தேனை வார்த்து, இறைச்சியை அதிலிட்டுக் களிமண்ணால் மூடி, பஞ்ச காலத்துக்கென்று சேமித்த செய்தியும் அந்நூலில் உண்டு. இறைச்சியையே கெடாமற் காக்கும் பொருளுக்கு அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால், நல்ல தேன் எது என்பதும் ஒருவாறு விளங்கும்.

பூவிலிருந்து தேனீ உறிஞ்சி வருவது தேனன்று. அது வெறும் பூஞ்சாறு. அதிற் பெரும்பகுதி நீரே. கூட்டுக்கு வந்ததும் ஒரு தேனீ மற்றொன்றின் வாய்க்கு அதனை மாற்றுகின்றது. அப்போது தேனீயின் சுரப்பிகளிலிருந்து கலக்கும் நொதியங்கள் சாற்றிலுள்ள கருப்பஞ்சீனியைப் பழச்சீனியாகவும் குளுக்கோசாகவும் பிரிக்கின்றன. பின்னர் அறைகளில் ஊற்றப்பட்ட சாற்றின்மேல் தேனீக்கள் இரவும் பகலும் சிறகடித்துக் காற்றோட்டம் உண்டாக்குகின்றன. நீர் வற்றி ஐந்திலொரு பங்குக்குக் குறையும்போதே சாறு தேனாகின்றது. அந்தப் பக்குவம் வந்ததும் தேனீக்கள் அறையின் வாயை மெழுகால் மூடிவிடுகின்றன. நீர் குறைந்தும் புளிப்பு மிகுந்தும் உள்ள இப்பொருளில் நோய்க்கிருமிகள் பெருக இடமில்லை. வேடரின் இறைச்சியைக் காத்தது இதுவே. உலக உணவுத் தரநெறியும் பொதுவாகத் தேனில் நீர் 20 சதவீதத்தை மிஞ்சலாகாது என்று வரையறுத்துள்ளது.

ஆகவே, மெழுகு மூடாத வதையை வெட்டியெடுத்தால் வருவது பச்சைத் தேன். அதில் சீனி ஒரு துளியும் கலக்காதிருக்கலாம். ஆயினும் சில வாரங்களில் அது நுரைத்துப் புளித்துப் போகும். கலப்படம் ஒரு குற்றமென்றால், அவசரம் மற்றொரு குற்றம். போத்தலைப் பார்த்து இவ்விரண்டில் எதனையும் கண்டறிதல் எளிதன்று.

வீடுகளிலே வழங்கும் சோதனைகள் பல. நீரில் ஒரு துளி விட்டால் கரையாமல் அடியிற் செல்ல வேண்டும் என்பர். தீக்குச்சியைத் தேனில் தோய்த்து உரசினால் பற்ற வேண்டும் என்பர். எறும்பு மொய்க்கக் கூடாது என்பாரும் உளர். நன்கு காய்ச்சி இறுக்கிய சீனிப்பாகும் நீரின் அடிக்கே செல்லும். எறும்புக்கு உண்மைத் தேனிலும் விருப்பம் உண்டு. எடை பார்ப்பது இவற்றினும் சற்று மேலானது. பக்குவமான தேன் நீரைவிட 1.4 மடங்கு கனமுடையது; எனவே 750 மில்லிலீற்றர் கொள்ளும் போத்தலில் ஏறத்தாழ 1 கிலோ 50 கிராம் தேன் இருத்தல் வேண்டும். அதுவும் நீர் மிகுந்திருப்பதைக் காட்டுமேயன்றிப் பாகு கலந்திருப்பதைத் திட்டமாகக் காட்டாது. கரும்பு, சோளம் ஆகியவற்றின் சீனி கலந்திருப்பதைக் கரிம அணுக்களை அளந்து கண்டுபிடிக்கும் ஆய்வுகூட முறை உண்டு. அரிசிப்பாகு அந்தச் சோதனைக்கும் தப்பிவிடும். ஒரு போத்தல் தேனுக்காக ஆய்வுகூடம் செல்லக்கூடிய குடும்பமும் இல்லை.

வதையோடு வாங்கினால் ஐயமில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். பூக்கள் அற்ற காலத்தில் கூட்டத்தைக் காப்பதற்குத் தேனீ வளர்ப்போர் சீனிக் கரைசல் வைப்பதுண்டு. அது பசித்த மாட்டுக்கு வைக்கோல் இடுவதைப் போன்ற கடமை. தேன் எடுக்கும் காலத்திலும் அதையே வைத்தால், தேனீக்கள் அதனையும் வதையிற் சேர்த்து மெழுகால் மூடிவிடும். ஆதலின் மூடிய வதையும் முழுச்சாட்சி ஆகாது. சாட்சி சொல்லத் தக்கவர் ஒருவரே. பெட்டியைத் திறந்து மூடும் அந்த மனிதரே அவர்.

பண்டாரவளைப் பக்கத்துச் சரிவொன்றில், சிறிய மரக்கறித் தோட்டமும் வேலியோரம் ஐந்தாறு தேனீப் பெட்டிகளும் உடைய கமக்காரர் ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். அப்பகுதி இதற்கு ஏற்ற இடம். விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்பு நிலையம் அங்கே பிந்துனுவெவவில் அமைந்திருக்கின்றது. மலைச்சாரலில் யூக்கலிப்டஸ் மரங்கள் நிரம்ப உண்டு. அவை பூத்துத் தேன் தரும் காலம் பெரும்பாலும் யூன் முதல் செப்டெம்பர் வரையாகும். கீழ்நாட்டு இறப்பர்த் தோட்டங்களிலோ, இலையுதிர்ந்து புதுத்தளிர் விடும் ஆண்டுத் தொடக்க மாதங்களில், இளம் இலைக்காம்பிற் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீக்கள் தேடிச் செல்கின்றன. ஓரிடத்துத் தேன் மற்றோரிடத்துத் தேனின் நிறத்தையும் மணத்தையும் ஒத்திராமைக்கு இதுவே காரணம்.

அந்தக் கமக்காரரிடம் பதுளையிலிருந்து இளைஞர் ஒருவர் வருகின்றார். அவர் கையிற் பழைய போத்தல் இருக்கின்றது.

"ஐயா, போன முறை தந்தது அடியிலே கட்டியாகிவிட்டது. சீனி கலந்த தேன் என்று அம்மா சொல்கிறார்."

"தம்பி, இளஞ்சூட்டு நீரிலே போத்தலை வைத்துப் பாருங்கள், கரையும். கட்டியாவது தேனுக்குள்ள குணம். அப்படியும் மனம் ஆறாவிட்டால் திருப்பிக் கொண்டு வாருங்கள். நான் இங்கேதான் இருப்பேன்."

"சரி ஐயா. இன்றைக்கு இன்னும் ஒரு போத்தல் தாருங்கள்."

"இன்றைக்கு இல்லை. வதை இன்னும் மூடவில்லை. இரண்டு கிழமை கழித்து வாருங்கள்."

இளைஞர் வெறுங்கையோடு திரும்புகின்றார். பஸ் கட்டணமும் ஒரு பகலும் செலவாகிவிட்டன என்ற வருத்தம் அவருக்கு இருக்கலாம். ஆயினும் எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கின்றது. 'இல்லை' என்று சொல்லத் துணிந்த விற்பனையாளர் ஒருவரை அவர் கண்டுகொண்டார். ஆண்டின் எந்நாளிலும் கேட்ட அளவு தேன் கொடுப்பவரைக் காட்டிலும், பூவுக்குக் காத்திருப்பவரே நம்பத்தக்கவர். தேன் கட்டியாவதைப் பற்றி அவர் சொன்னதும் உண்மையே. தேனிலுள்ள குளுக்கோஸ் காலப்போக்கிற் படிகமாகின்றது. அதைக் கலப்படத்தின் அடையாளமாகக் கொள்வது தவறு. அடுப்பிலேற்றிக் கொதிக்க வைத்தால் மணமும் நொதியங்களும் கெடும். இளஞ்சூட்டு நீரே போதும்.

தோட்டத்துக்குச் சென்று தேன் வாங்குவோர் மூன்று கேள்விகளைக் கேட்டறிதல் நன்று.

முதலாவது, தேன் எப்போது எடுக்கப்பட்டது, அப்போது வதையில் எவ்வளவு பகுதி மூடியிருந்தது என்பது. பெரும்பகுதி மூடிய பின்னரே எடுப்பவர் பக்குவம் அறிந்தவர்.

இரண்டாவது, எவ்வாறு எடுக்கப்பட்டது என்பது. வதையைக் கையாற் பிழிந்தால் பூந்தூளும் புழுக்களின் சாறும் தேனோடு கலக்கும். தேன் விரைவிற் கெடும். இதற்கு மாற்று வழி பிறந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வதைகளினிடையே தேனீ நடமாடுவதற்கு வேண்டிய அளவு இடைவெளி மட்டும் விட்டால், தேனீக்கள் அதை அடைத்துவிடுவதில்லை என்பதை 1851 இல் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ரொத் பயன்படுத்தி, கழற்றி மாட்டத்தக்க சட்டங்களுடைய பெட்டியை அமைத்தார். 1865 இல் ஒஸ்திரியரான ஹுருஷ்கா, வதையைச் சுழற்றித் தேனை மட்டும் பிரிக்கும் பொறியைக் காட்டினார். அதன்பின் வதையைச் சிதைக்காமலே தேன் எடுத்து, வெறும் வதையைத் தேனீக்களிடம் திருப்பிக் கொடுக்கும் வழி பிறந்தது.

மூன்றாவது, தேனீக்களுக்கு எவ்வளவு விட்டுவைக்கப்பட்டது என்பது. இக்கேள்வியைக் கேட்போர் மிகச் சிலரே. இந்நாட்டுப் பெட்டிகளில் வாழ்வது பெரும்பாலும் இந்தியத் தேனீ; இயற்கையிலே மரப்பொந்தில் வரிசையாக வதை கட்டும் இனம். உணவு தீர்ந்தாலும் தொல்லை மிகுந்தாலும் கூட்டை விட்டு மொத்தமாகப் பறந்துவிடுவது அதன் இயல்பு. தேன் முழுவதையும் வழித்தெடுத்தவரின் பெட்டி அடுத்த மாதம் வெறுமையாகக் கிடக்கும். இத்தேனீக்கள் ஐரோப்பியத் தேனீயைப் போல மிகுதியாகச் சேர்ப்பவையும் அல்ல. ஒரு பெட்டியிலிருந்து ஆண்டொன்றிற்குக் கிடைப்பது சில கிலோ தேனே. அதிலும் ஒரு பங்கை விட்டுவைப்பவர், தம் வருமானத்தில் ஒரு பங்கை விட்டுவைக்கின்றார். அவர் கேட்கும் விலை கடை விலையைக் காட்டிலும் சற்று உயர்ந்திருந்தால், அந்த உயர்வுக்குக் காரணம் உண்டு.

வாங்குவோருக்கும் கடமைகள் உள. பருவம் அறிந்து செல்லவேண்டும். சென்ற ஆண்டுத் தேனைப் போல இவ்வாண்டுத் தேன் இல்லையே என்று குறை கூறலாகாது. பூ மாறினால் நிறமும் மாறும். தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையதாதலால், உலர்ந்த போத்தலைக் கொண்டுசென்று இறுக மூடி வைக்கவேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எவ்வளவு தூயதாயினும் நாவிலே தடவுதலும் ஆகாது. தேனில் உறங்கிக் கிடக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் பச்சிளங் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக் கூடும் என்பதை 1970களிலிருந்து மருத்துவர்கள் அறிந்து எச்சரித்து வருகின்றனர். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கும் வழக்கம் உள்ள வீடுகள் இதனை மறத்தலாகாது.

தோட்டத்தில் கொடுக்கும் பணம் தேனுக்கு மாத்திரம் போவதன்று. வேலியோரப் பெட்டிகளிலிருந்து புறப்படும் தேனீக்கள் அண்டை வீட்டுப் பூசணியிலும் பாகற்கொடியிலும் தென்னம்பாளையிலும் அமர்ந்து மகரந்தம் சேர்க்கின்றன. ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறாகப் பூக்கும் பூசணி போன்ற கொடிகளில், ஈயும் வண்டும் வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். இதற்காகத் தேனீ வளர்ப்பவருக்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. அவருடைய பெட்டிகளை வேலியோரத்தில் நிலைத்திருக்கச் செய்வது தேன் விற்ற பணமே. பாகுப்போத்தலோடு போட்டியிட முடியாமல் அவர் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டால், நட்டம் அவரோடு நிற்பதில்லை; அடுத்த வீட்டுக் கொடியிலும் அது தெரியும்.

இரண்டு கிழமை சென்றபின் பதுளை இளைஞர் மீண்டும் அந்தச் சரிவிலே ஏறுகின்றார். இம்முறை வதை மூடியிருக்கின்றது. கமக்காரர் பெட்டியைத் திறந்து, இரண்டு சட்டங்களை எடுத்து, ஒன்றை விட்டுவைப்பதை அவர் கண்ணாலே காண்கின்றார். சுழற்றி வடித்த தேன் அவருடைய போத்தலில் நிரம்புகின்றது. வீட்டில் வைத்தியர் தந்த சூரணப் பொட்டலம் காத்திருக்கின்றது. 'தேன் எங்கே வாங்கினாய்?' என்று தாயார் கேட்டால், இந்த முறை அவரிடம் விடை இருக்கின்றது.