மூடி வைத்த தட்டு



சர்க்கரை நோயாளிகள் எங்களிடம் அடிக்கடி சொல்லும் வார்த்தை, "டாக்டர், எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்பது. நானும் அதை நம்பி, பல வருஷங்கள் அவர்களைக் கடிந்துகொண்டிருக்கிறேன்.

1960களின் கடைசியில், அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துப் பாலர் பள்ளியில், வால்டர் மிஷெல் என்ற மனநூல் பேராசிரியர் சில சோதனைகள் செய்தார். பிள்ளையின் முன்னால் மார்ஷ்மல்லோ போன்ற ஒரு தின்பண்டம். பெரியவர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் கூடுதலாகக் கிடைக்கும். நாலு வயதுக்குப் 15 நிமிடம் ஒரு யுகமல்லவா! காத்திருந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தின்பண்டத்தையே பார்த்திருந்தவர்கள் அல்ல. கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், தங்களுக்குள் பாடினார்கள். ஒரு பிள்ளை தூங்கியே போனது. தின்பண்டத்தை மூடி வைத்தபோது இன்னும் நெடுநேரம் காத்திருந்தார்கள்.

மிஷெலே நாளுக்கு மூன்று பாக்கெட் சிகரெட் பிடித்தவர். ஆபத்து தெரிந்தும் விட முடியவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டியில் ஒரு நுரையீரல் புற்றுநோயாளியைக் கண்டார். தலை மழித்து, கதிர்வீச்சுக்காக உடம்பில் பச்சைக் குறிகள் இட்டிருந்தார்கள். ஆசை எழும்பிய போதெல்லாம் அந்த உருவத்தை மனக்கண்முன் நிறுத்தினார். மூன்று வயது மகளோடும் ஓர் ஒப்பந்தம்: நீ விரல் சூப்புவதை விடு, நான் பைப்பை விடுகிறேன். இருவரும் விட்டார்கள்.

இன்னொரு சோதனை என்னைக் கூடுதலாக உறுத்துகிறது. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்டது, 28 பிள்ளைகள்தான். பாதிப்பேருக்கு முதலில், நல்ல வர்ணப் பொருட்கள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வந்தார்கள். அப்பிள்ளைகள் பின்பு தின்பண்டத்துக்காகச் சராசரி 3 நிமிடமே காத்திருந்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்டவர்கள் 12 நிமிடம் இருந்தார்கள். மாத்திரை இருக்கும் என்று வரச்சொல்லிவிட்டு, பஸ் ஏறி வந்தவரை "ஸ்டாக் இல்லை" என்று அனுப்பினால், பத்து வருஷம் கழித்துக் கண் கெடும் என்ற நம் எச்சரிப்புக்காக அவர் இன்றைய லட்டைத் தள்ளுவாரா? உங்கள் காணிக்கையில் மருந்து அலமாரி வெறுமையாகாதிருப்பதும் சிகிச்சையில் ஒரு பங்கு என்று இதனால்தான் சொல்லுகிறேன்.

இப்போதெல்லாம் "ஏன் சாப்பிட்டீர்கள்?" என்று நான் கேட்பதில்லை. "இனிப்பு டப்பா வீட்டில் எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறேன். ஒரு தாயார், "டிவி பக்கத்தில்தான், பேரப்பிள்ளைகளுக்காக" என்றார். இடத்தை மாற்றச் சொன்னேன். அடுத்த மாதம் வந்து, "பரண்மேல் வைத்துவிட்டேன் டாக்டர். ஆனால் பேரன் ஏறி எடுத்து எனக்கும் ஒன்று தருகிறானே!" என்றார். பேரனையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.