கரிசல் ரோட்டில் ஒரு ஹெரால்டு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நம்ம ஆளு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கான், முதல் நாள் ஓட்டின அனுபவத்தைச் சொல்வான்" என்று நண்பர்கள் என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள். முதலில் ஒரு திருத்தம். நான் வாங்கியது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு, 948 சி.சி. என்ஜின், குதிரைத்திறன் 35-ஐச் சுற்றித்தான். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் இன்றைக்கு ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கூடச் சிரிப்பார்.

ஆனாலும் நண்பர்கள் சொன்னது முழுப் பொய்யில்லை. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு வந்தது. வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. அதே ஹெரால்டு சேஸிஸைக் குட்டையாக்கி, மேலே திறந்த உடம்பை வைத்து 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். அதற்கும் படம் போட்டவர் மிக்கலோட்டிதான். முன்பக்க சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பின் ஆக்சில் எல்லாமே ஒரே குடும்பம். ஸ்பிட்ஃபயர் நம் ஊரில் தயாராகவில்லை. ஹெரால்டு மட்டும் 1961 முதல் சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் தயாரானது. உடம்பு முழுக்கத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுக் கோத்தது. பெரிய பிரஸ் இல்லாத நாட்டிலும் சேர்த்துவிடலாம் என்பது அந்த வடிவமைப்பின் கெட்டிக்காரத்தனம்.

வண்டியை எடுத்தது திருநெல்வேலியில். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், என் மனைவியும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "பிள்ளைய அதுல ஏத்தக் கூடாது." பெல்ட் கிடையாது, தலைக்குத் தாங்கல் கிடையாது, நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அவர் சொன்னதில் தப்பில்லை.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி என்பதால் 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். ஆனால் அந்தப் பதிவில் நினைத்த நேரம் ரோட்டில் ஓட்ட முடியாது. அதனால் பழைய பதிவையே புதுப்பித்துக்கொண்டேன். என்ஜினைப் பிரித்துச் சேர்த்துக் கொடுத்த மெக்கானிக் அண்ணாச்சி சாவியைக் கையில் தரும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "தம்பி, வளைவுல ஆக்சிலரேட்டர்ல இருந்து காலைப் பட்டுன்னு எடுத்திராதீய. பொறவு வண்டி ஒங்க பேச்சைக் கேக்காது."

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. தாழையூத்து, கங்கைகொண்டான் வழியாக வடக்கே வந்தேன். முதல் ஆச்சரியம் ஸ்டியரிங். ரேக் அண்டு பினியன். விரல் அசைத்தால் மூக்கு அசைகிறது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் வண்டி இது. ஆட்டோக்காரர்களே நின்று பார்த்தார்கள். கியர் லிவர் தரையில், கைக்கு வாகாக. முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் இல்லை, ஓடும்போது போட்டால் பல் கடிக்கும். நாலாவதில் 60 கிலோமீட்டரில் என்ஜின் நிம்மதியாகப் பாடுகிறது. உட்காரும் இடம் தாழ்வு என்பதால் அறுபதே தொண்ணூறு மாதிரித் தெரியும். நான்கு வழிச்சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. எனக்கு ஒரு குறையும் இல்லை.

கயத்தாறில் வலப்புறம் திரும்பிக் கடம்பூர் ரோட்டைப் பிடித்தேன். காற்றாலைகள், இரண்டு பக்கமும் மக்காச்சோளம், நடுவே கொஞ்சம் உளுந்து. கரிசல் மண்ணைப் பற்றிச் சிவில் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் போட்ட ரோடு சில வருஷத்திலேயே அலை அலையாகிவிடும். அந்த அலைமேல் ஹெரால்டு அழகாக மிதந்து போனது. பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்குவதால் ஒரு பக்கத்துக் குலுக்கல் மறுபக்கம் போகாது.

அந்தச் சுகத்துக்கு ஒரு விலை உண்டு. அது ஸ்விங் ஆக்சில். டிஃபரன்ஷியலில் இருந்து வரும் அரை ஆக்சில், உள்முனையில் மட்டும் மடங்கும். சக்கரம் ஆக்சிலோடு சேர்ந்து சாயும். வேகமாகத் திரும்பும்போது காலைத் தூக்கினால் பாரம் முன்னால் போகிறது, பின்பக்கம் எழும்புகிறது. மாடு எழும்போது பின்பக்கத்தை முதலில் தூக்குமே, அப்படி. அப்போது சக்கரத்தின் அடிப்பக்கம் உள்ளே மடங்கிப் பிடிப்பு போய்விடும். அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் 1965-இல் புத்தகம் எழுதிக் கோர்வேர் காரை வாங்கு வாங்கென்று வாங்கியதும் இந்த வகை ஆக்சிலுக்காகத்தான். இதே கல்லூரியில் செமஸ்டர் தேர்வில் இதற்குப் படம் போட்டு எட்டு மதிப்பெண் வாங்கியவன் நான்.

கடம்பூர் நெருங்கும்போது ஒரு இடது வளைவு. வயலில் இருந்து ஏறிய டிராக்டர் கரிசல் சேற்றை ரோட்டில் அப்பிவிட்டுப் போயிருந்தது. சேற்றைப் பார்த்ததும் என்ன செய்தேன்? காலை எடுத்தேன். பட்டென்று.

பின்பக்கம் வலப்புறம் வீசியது. கண்ணாடியில் ரோடு போய் மக்காச்சோளம் வந்தது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தேன், பாதி சரியானது, மீதியைச் சேறு பார்த்துக்கொண்டது. வண்டி ஓரத்தில் இறங்கி, அச்சு வரை புதைந்து நின்றது. எதிரே வண்டி வரவில்லை. என் பெண் பக்கத்துச் சீட்டில் இல்லை. இந்த இரண்டையும் சொல்லும்போது இப்போதும் கை சில்லென்று ஆகிறது. களை எடுக்க வந்த நாலு பேர் தள்ளி விட்டார்கள். அதில் ஒரு பெரியவர் பானெட்டைத் தட்டி, "இது அந்தக் காலத்து டாக்டர் வண்டில்லா?" என்றார்.

கடம்பூரில் போளி வாங்கித் தின்றுவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. "கேஸல் ஆக்சில் ஒண்ணு கெடக்கு, மாத்திருவமா?" என்று கேட்டார். ஹெரால்டுக்குப் பிறகு 1972-இல் வந்த கேஸலில் கம்பெனியே ஸ்விங் ஆக்சிலை விட்டுவிட்டு, நேரான லைவ் ஆக்சிலுக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தில் வேறு வழி பார்த்தார்கள்: 1970-இன் ஸ்பிட்ஃபயரில் பட்டை ஸ்பிரிங்கின் பெரும்பாலான தகடுகள் நடுவில் ஆடும்படி விட்டு, பின்பக்கம் எழும்புவதைக் குறைத்தார்கள். முதல் வழியில் வண்டி பத்திரம், ஆனால் ஸ்பிட்ஃபயர் சொந்தம் அறுந்துபோகும். இரண்டாவது வழிக்கு எனக்கு ஸ்பிரிங் பட்டறை வேண்டும். அதைத்தான் இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன். பெல்ட்டுக்குச் சேஸிஸில் பிடிமானம் வெல்டு வைத்தாகிவிட்டது. இரண்டும் முடியும் வரை வீட்டு நிபந்தனை நீடிக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டி ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும். மாணவர்கள் வாருங்கள். பானெட்டும் முன் மட்கார்டும் ஒன்றாகத் திறப்பதைக் காட்டுகிறேன். பிறகு பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்குவோம். சக்கரம் எப்படி உள்ளே மடங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். சாவி மட்டும் யாரும் கேட்காதீர்கள்.