பலகைக்கு முன் பேச்சு



வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் இதுகாறும் உயர்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்குமே பெரிதும் உதவி வந்துள்ளது. இன்று நாம் பேச விழைவது மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைப் பற்றி.

முதல் வகுப்பிற் சேரும் நம் தெருப் பிள்ளைகளிற் பலர் வாய் திறக்கவே அஞ்சுகின்றனர். அறிவுக் குறைவு அன்று. அவர்தம் வீட்டுப் பேச்சை எவரோ எள்ளியிருப்பர். 'வூடு' என்னும் பிள்ளையைத் திருத்துமுன், அது சொல்ல வந்ததை முழுதும் கேளுங்கள். 'வீடு' பின்னர்த் தானே வரும்.

எழுத்துக்கு முன் செவி பழக வேண்டும். 'பட்டு', 'பாவு' இரண்டும் ஒரே ஒலியில் தொடங்குவதை உணரும் குழந்தைக்கே 'ப' என்னும் வடிவம் பொருள்படும். ஆரணியில் தறியருகே வளரும் பிள்ளை, சேலைக் கரையில் ஒரு பூ பிசகினும் கண்டுகொள்ளும். ண, ன வேறுபாட்டைக் காண வேண்டிய கண்ணும் அதுவே. அக்கூர்மையைத் தார் சுற்றப் பயன்படுத்தும் வழக்கம் மட்டும் வேண்டா! 247 எழுத்துகளையும் ஒப்புவிக்கச் செய்வதும் வேண்டா. ட, ப, ம எனத் தொடங்கினால் 'படம்', 'பட்டம்' எனச் சொற்கள் விரைவில் கைகூடும்.

மணலில் விரலால் எழுதிப் பழகுவது திண்ணைப் பள்ளிகளின் முறை. அத்திண்ணைகளில் நம் முன்னோர்க்கு இடமில்லை. 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றுக்கருகே நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் உரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலேதான் தம் முதற் குழந்தைகள் இல்லத்தை அமைத்தார். 1939-இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். சொரசொரப்பான எழுத்து வடிவத்தை விரலால் தடவச் செய்வது அவர் முறை. ஏழைப் பிள்ளைகளிடையே பிறந்த அம்முறை, இன்று கட்டணம் மிகுந்த பள்ளிகளின் பெயர்ப்பலகையில் தொங்குகிறது. நமக்கு ஒரு தட்டு மணல் போதும்.

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் உணவோடு முன்பருவக் கல்வியும் அடங்கும். அங்கன்வாடியில் கதை சொல்லப்படுகிறதா எனத் தாய்மார்கள் கேட்க வேண்டும், அது உரிமை. எனினும் எடை, உணவு, பதிவேடு எனப் பணியாளர்க்குச் சுமை பல. சண்டையிடாது துணை நில்லுங்கள். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் வகுப்பிலேயே தொடங்குகிறது. அதற்கு முந்திய ஆண்டுகளை யார் பார்ப்பது?

இளைஞர்களே! மாலையில் அரைமணி நேரம் தாருங்கள். படப் புத்தகத்தைக் குழந்தைகள் காணுமாறு விரித்து, சொல்லின்கீழ் விரலை ஓட்டி வாசியுங்கள். நடுவே வினா எழுந்தால் வாசிப்பை நிறுத்தி விடை கூறுங்கள். பாட்டிமாரையும் அழைத்து வாருங்கள்; கதை சொல்ல எழுத்தறிவு வேண்டுவதில்லை. பாயும் மணலும் சங்கம் தரும். பெயர் கொடுப்போர் இக்கூட்டம் முடிந்ததும் செயலாளரைக் காணலாம்.