இன்ஜினீயரிங் டாக்டர் பட்டம்: எழுதிய விதியும் எழுதாத விதியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் சிலருக்குச் சற்று விநோதமாகத் தோன்றலாம். இன்ஜினீயரிங்கில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற யாரைச் சேர்ப்பது, எப்படிப் பொறுக்குவது, எத்தனை வருஷம் தவணை கொடுப்பது, எதைக் கண்டு பட்டம் அளிப்பது என்கிற விதிகளைப் பற்றித்தான் பேசப் போகிறோம். "உழுகிறவனுக்கும் நெய்கிறவனுக்கும் கடை வைத்திருக்கிறவனுக்கும் இந்தப் பேச்சு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் உங்கள் பிள்ளை பி.இ. படித்துவிட்டான், உங்கள் பெண் எம்.இ. படித்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு மேலே இன்னும் ஒரு படி இருக்கிறது. அந்தப் படியில் ஏறினவன்தான் பெரிய காலேஜில் ஆசிரியனாகிறான்; ஆராய்ச்சிச் சாலைக்குத் தலைவனாகிறான்; அடுத்த தலைமுறையில் யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்கலாம் என்று தீர்மானிக்கிற நாற்காலியில் உட்காருகிறான். ஆகவே அந்தப் படியின் விதி என்ன என்பதை அறியாமல் இருப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் கெடுதியாகும்.

முதலாவது, இந்த விதிகள் ஆகாயத்திலிருந்து விழுந்தவை அல்ல என்பதை மனதில் வையுங்கள். மனிதர்கள் செய்தவை, மனிதர்கள் மாற்றியவை. ஜெர்மனி தேசத்தை எடுத்துக்கொள்ளுவோம். அங்கே மதசாஸ்திரம் படித்தவனுக்கும் சட்டம் படித்தவனுக்கும் டாக்டர் பட்டம் உண்டு. பாலம் கட்டுகிறவனுக்கும் இயந்திரம் செய்கிறவனுக்கும் கிடையாது. இரும்பையும் எண்ணெயையும் தொடுகிற படிப்பு பண்டிதர் படிப்பாகுமா என்று பழைய சர்வகலாசாலைக்காரர்கள் எதிர்த்தார்கள். 1899-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில்தான் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம், பிரஷ்யாவின் இன்ஜினீயரிங் உயர்கலாசாலைகளுக்கு அந்த உரிமையைக் கொடுத்தார். கொடுத்தும் என்ன? மற்ற டாக்டர் பட்டங்கள் லத்தீனில் இருக்க, இந்தப் பட்டத்தை மட்டும் ஜெர்மன் பாஷையில், ஜெர்மன் எழுத்தில் எழுத வேண்டுமென்று நிபந்தனை போட்டார்கள். நம் ஊர் டீக்கடையில் தனிக் குவளை வைத்தார்களே, அதேபோல் பட்டத்திலும் ஒரு தனிக் குவளை! அதே பிரஷ்யாவில் பெண்கள் அந்தக் கலாசாலைகளில் முறையான மாணவர்களாகச் சேர 1909-ம் வருஷம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படி என்னதான் அந்த ஆராய்ச்சி என்று கேட்பீர்களானால், ஒரு உதாரணம் சொல்லுவோம். அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் 1863-ல் கிப்ஸ் என்பவர் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் எழுதிய தீசிஸ் எதைப் பற்றி? பல்சக்கரத்தின் பல் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி! நம் கொல்லனும் தச்சனும் தலைமுறை தலைமுறையாகக் கையால் அறிந்த சங்கதிக்கு அவர் கணக்கினால் காரணம் கண்டார். ஆராய்ச்சி என்பது அவ்வளவே. இருக்கிற ஒன்றை "ஏன்?" என்று கேட்பது, கிடைத்த விடையைப் பிறர் சோதித்துப் பார்க்கும்படி எழுதிவைப்பது. இதற்குப் பூர்வஜென்மப் புண்ணியமும் வேண்டாம், குலமும் கோத்திரமும் வேண்டாம்.

நிற்க, நம் நாட்டுக்கு வருவோம். கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் 1940-களின் தொடக்கத்தில் லலிதா என்கிற பெண் எலெக்ட்ரிகல் படித்துப் பட்டம் பெற்றார். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் விதவை. கையில் ஒரு பெண் குழந்தை. அப்படிப்பட்டவரை மூலையில் உட்கார வைப்பதுதான் சாஸ்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவர் துணிந்து படித்தார். அவருடைய பட்டப் பத்திரத்தில் "அவன்" என்று முன்னமே அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, "அவள்" என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். பெண் படிக்கக் கூடாது என்று ஒரு விதியும் தடுக்கவில்லை. ஆனால் பெண் ஒருத்தி வருவாள் என்று யாரும் நினைக்கவே இல்லை! இன்னொன்றையும் கவனியுங்கள். அவருடைய தகப்பனார் அதே காலேஜில் புரொபசர். ஆகவே பிரின்சிபாலிடமும் கல்வி டைரக்டரிடமும் கேட்டு அனுமதி வாங்க ஒரு ஆள் இருந்தார். அந்தப் பெண்ணின் துணிவும் உழைப்பும் போற்றத்தக்கவை. ஆனால் தகப்பன் புரொபசராக இல்லாத மற்ற விதவைப் பெண்கள் அந்த வாசலை எப்படித் தாண்டியிருப்பார்கள்? எழுதிய விதி ஒன்று, எழுதாத விதி வேறொன்று என்று நாம் சொல்லுவது இதைத்தான்.

எழுதாத விதியை எழுதிய விதியாக்கும் முயற்சிதான் வகுப்புவாரி உத்தரவு. பதினான்கு இடம் இருந்தால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டவர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பட்டவர்த்தனமாக எழுதியிருந்தது. 1950-ல் மெடிக்கல் காலேஜ் சம்பந்தமாக ஒருவரும், கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ் சம்பந்தமாக ஒருவரும் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். அந்த உத்தரவு செல்லாதென்று 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. தமிழ்நாடு கொதித்தது. அதே வருஷம் ஜூன் மாதத்தில் அரசியல் சட்டத்துக்கு முதலாவது திருத்தம் வந்தது. ஜனங்கள் கேட்டால் விதி மட்டுமல்ல, அரசியல் சட்டமே மாறும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இனி இன்றைய விதிகளைப் பார்ப்போம். சர்வகலாசாலைகளுக்கு யு.ஜி.சி. 2022 நவம்பரில் செய்த விதிகள் இருக்கின்றன. எம்.இ. போன்ற மேல்பட்டத்தில் 100-க்கு 55 மார்க் வேண்டும். தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டவர், உடல் ஊனமுற்றவர், பொருளாதாரத்தில் நலிந்தவர் ஆகியோருக்கு 5 மார்க் தளர்வு உண்டு. நான்கு வருஷப் பட்டத்திலேயே 75 மார்க் வாங்கினவர் மேல்பட்டம் இல்லாமலும் விண்ணப்பம் போடலாம். குறைந்தது மூன்று வருஷம், அதிகம் ஆறு வருஷம். மறுபடி பதிவு செய்துகொண்டால் இன்னும் இரண்டு வருஷம். பெண்களுக்கும் 100-க்கு 40-க்கு மேல் ஊனமுற்றவர்களுக்கும் அதற்கு மேல் இரண்டு வருஷம். பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை லீவு. கல்யாணம் முதலிய காரணங்களால் வேறூர் போகிற பெண் தன் ஆராய்ச்சியையும் உடன் கொண்டுபோகலாம். பெண்களுக்குத் தனியாகத் தெரிந்திருக்க வேண்டிய இந்த விதிகளை எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்?

சேர்ந்த பிறகு முதலில் சில பாடங்கள் படித்துத் தேற வேண்டும். வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் உண்டு. புரொபசரானால் 8 பேருக்கு மேலும், அசோசியேட் புரொபசரானால் 6 பேருக்கு மேலும், அசிஸ்டெண்ட் புரொபசரானால் 4 பேருக்கு மேலும் வைத்துக்கொள்ளக் கூடாது. தீசிஸை வழிகாட்டியும், வெளியிலிருந்து குறைந்தது இரண்டு பரீட்சகர்களும் பார்க்க வேண்டும். பிறகு பலர் முன்னிலையில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் தீசிஸ் கொடுக்குமுன் பத்திரிகையில் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும் என்றொரு விதி இருந்தது; 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

"இத்தனை வருஷம் படிக்கக் காசுக்கு எங்கே போவது?" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் முதலிரண்டு வருஷத்துக்கு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. ஆகவே முழுநேரமாகச் சேர்ந்து இத்தொகை கிடைக்கப் பெற்றவன் வீட்டுக்குப் பாரமல்ல. கூலி வாங்கிக்கொண்டு அறிவு வேலை செய்கிறவன்.

இவ்வளவும் எழுதிய விதி. குறை சொல்ல அதிகம் இல்லை. அப்படியானால் கோளாறு எங்கே?

கோளாறு இன்டர்வியூவில் இருக்கிறது, தோழர்களே! சர்வகலாசாலை தானே நடத்துகிற நுழைவுப் பரீட்சையானால் எழுத்துக்கு 70, இன்டர்வியூவுக்கு 30 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்ஜினீயரிங்காரர்கள் எழுதுகிற கேட் முதலிய அகில இந்தியப் பரீட்சைகளில் தேறி உதவித்தொகைக்கு யோக்கியதை பெற்றவர்களை இன்டர்வியூவின் பேரிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று அதே விதி சொல்லுகிறது. ஐ.ஐ.டி.கள் 1961-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ்த் தங்களுக்கென்று தனி விதி செய்துகொள்ளுகின்றன. அங்கும் கடைசியில் ஒரு அறை, ஒரு மேஜை, அதற்குப் பின்னால் நாலைந்து பேர். எழுத்துப் பரீட்சைத் தாளில் பெயர் தெரியாது, முகம் தெரியாது. அந்த அறையிலோ பெயர், ஊர், பேச்சு, உடை எல்லாம் தெரியும்.

இதன் பலன் என்ன? மத்தியக் கல்வி நிலையங்களில் தாழ்த்தப்பட்டவருக்கு 100-க்கு 15, பழங்குடியினருக்கு ஏழரை, பிற்படுத்தப்பட்டவருக்கு 27 என்று 2006-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.களில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்க்கப்பட்டவர் சுமார் 25,000 பேர். அவர்களில் தாழ்த்தப்பட்டவர் 100-க்கு 9 பேர். பழங்குடியினர் 2 பேர். பிற்படுத்தப்பட்டவர் 23 பேர். சட்டம் 15 என்கிறது, அறை 9 என்கிறது. சட்டம் ஏழரை என்கிறது, அறை 2 என்கிறது. சட்டம் பெரிதா, அறை பெரிதா?

வேடிக்கை இதோடு முடியவில்லை. ஐ.ஐ.டி.களில் ஆசிரியர் வேலையில் இடஒதுக்கீட்டை எப்படி நிறைவேற்றலாம் என்று யோசனை சொல்ல 2020-ல் சர்க்கார் ஒரு குழுவை வைத்தது. அந்தக் குழுவோ, ஐ.ஐ.டி.களுக்கு அந்த ஆசிரியர் வேலை இடஒதுக்கீட்டிலிருந்தே விலக்குக் கொடுக்கலாம் என்று சொல்லிற்று. காரணம் என்ன? அந்த வகுப்புகளிலிருந்து டாக்டர் பட்டம் பெற்றவர்கள் போதுமான அளவில் இல்லையாம்! டாக்டர் பட்டம் கொடுக்கிற வாசலில் நிற்கிறவர்கள் யார்? அதே ஆசிரியர்கள். கிணற்றுக்கு வேலி போட்டவனே, "இவன் குடத்தில் தண்ணீர் இல்லை, இவனுக்கு நீர் இறைக்கத் தெரியாது" என்று சொன்னால் அதற்குப் பெயர் என்ன? வருகிறவர்களை இரண்டு வருஷம் வைத்துப் பழக்கலாம் என்று அதே குழு ஒரு நல்ல யோசனையும் சொல்லியிருக்கிறது. அதைச் செய்துவிட்டல்லவா பிறகு விலக்கைப் பற்றிப் பேச வேண்டும்?

"தகுதி கெட்டுப்போகுமே" என்று சிலர் கவலைப்படுகிறார்கள். சற்று நடுநிலைமையோடு யோசித்துப் பாருங்கள். சேர்த்துக்கொள்ளுவது பட்டம் கொடுப்பதாகுமா? உள்ளே வந்தவன் பாடத்தில் தேற வேண்டும். பல வருஷம் உழைக்க வேண்டும். வெளியூர்ப் பரீட்சகர்கள் திருப்தியடைய வேண்டும். பலர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். வெளியேறும் வாசலில் இத்தனை தராசு இருக்கும்போது, நுழையும் வாசலில் மட்டும் தகுதி தகுதி என்று கூச்சலிடுவது தகுதியின்மேல் உள்ள அக்கறையாக நமக்குத் தோன்றவில்லை.

ஆகவே நாம் கேட்பது என்ன? இந்த வருஷம் எந்தப் பிரிவில் எத்தனை இடம், எந்த வகுப்புக்கு எத்தனை என்று முன்கூட்டியே வெளியிட வேண்டும். பிரிவுவாரியாக இடங்களை வெளியிட வேண்டுமென்று யு.ஜி.சி. விதி ஏற்கனவே சொல்லுகிறது. எல்லா நிலையங்களும் செய்ய வேண்டும். எந்த ஆசிரியரிடம் எத்தனை இடம் காலி என்று தெரிவிக்க வேண்டும். இன்டர்வியூவில் யாருக்கு எத்தனை மார்க், தள்ளப்பட்டவர் எதனால் தள்ளப்பட்டார் என்று எழுதிவைத்துக் கேட்டால் கொடுக்க வேண்டும். ஒதுக்கிய இடம் காலியாக இருந்தால் காரணம் சொல்ல வேண்டும். இதில் ஒன்றாவது நியாயமில்லாதது என்று சொல்ல முடியுமா? எழுத மாட்டோம் என்கிறவன் எதையோ மறைக்கிறான் என்றுதானே அர்த்தம்?

நம் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. காசு வாங்கிக்கொண்டு தீசிஸ் எழுதிக் கொடுக்கிற வியாபாரிகள் கிளம்பியிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் போகாதீர்கள். கூலிக்கு ஆள் வைத்து மந்திரம் சொல்லச் செய்து மோட்சம் தேடுவதற்கும், கூலிக்கு ஆள் வைத்துத் தீசிஸ் எழுதச் செய்து டாக்டராவதற்கும் என்ன வித்தியாசம்? அப்படியே, ராக்கெட்டைப் பற்றி ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டு, ராகுகாலம் கழியட்டும் என்று தீசிஸைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறவனுக்குப் பட்டம் கிடைக்கலாம். ஆராய்ச்சி கிடைத்துவிட்டதென்று நாம் சொல்ல மாட்டோம்.

இவ்வளவையும் நாம் சொன்னோம் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். விதிகள் அச்சில் இருக்கின்றன, வாங்கிப் படியுங்கள். உங்கள் ஊரில் பி.இ., எம்.இ. முடித்துவிட்டு எது கிடைத்தாலும் போதும் என்று உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். விண்ணப்பம் போடச் செய்யுங்கள். தள்ளினால், ஏன் என்று எழுத்தில் கேட்கச் செய்யுங்கள். ஒருவன் கேட்டால் பதில் வராமல் போகலாம். ஊருக்கு ஒருவன் கேட்டால் எழுதாத விதியும் ஒருநாள் எழுத்துக்கு வந்தே தீரும்.