கருப்பைத் தழும்பும் அடுத்த பேறும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் பிள்ளைப்பேற்றைப் பற்றிய உரை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். படித்துப் பாதுகாக்க வேண்டிய ஒரு தாளைப் பற்றியே நாம் பேச வந்துள்ளோம்; ஆதலின் இவ்விடம் பொருத்தமே.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூறு பேறுகளில் ஏறத்தாழ 45 சிசேரியன் அறுவையால் நிகழ்ந்தவை. நம் தெருக்களிலும் அத்தழும்புடைய தாய்மார் பலர் உளர். அடுத்த பேற்றில் கருப்பை இறுகி இறுகித் தளரும்போது, பழைய தழும்பு சில வேளை விட்டுப்போகும். இதுவே கருப்பைக் கிழிவு. தாய்க்கு வயிற்றினுள்ளேயே இரத்தம் கொட்டும். வெளியே சிறிதே தெரியலாம். குழந்தையோ சில நிமிடங்களில் மூச்சுத் திணறும்.

அச்சம் வேண்டா, அளவறிதல் வேண்டும். கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால், சுகப்பிரசவத்திற்கு முயலும் 200 தாய்மாரில் ஒருவருக்கே இது நேர்கின்றது. நால்வரில் மூவர்க்குச் சுகமாகவே பிறக்கின்றது. மேற்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தாலோ, இடர் நூற்றுக்கு 2 முதல் 9 வரை உயரும். அவர்கள் வலி வரும்வரை காத்திருத்தல் ஆகாது. ஒருமுறை அறுத்தால் பின்னரும் அறுத்தலே முறை என்று 1916-இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் எழுதியது நெடுக்கு வெட்டே வழங்கிய காலத்தில்.

வயிற்றுத் தோலின் தழும்பைக் கண்டு உள்வெட்டை அறிய இயலாது. அதைச் சொல்வது மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சீட்டு. நம் பக்கத்து வழக்கம் யாது? தலைப்பிரசவம் தாய் வீட்டில். ஆத்தூரில் அறுவை நடக்கும். இரண்டாம் பேறு பரமத்தி வேலூரில், புகுந்த வீட்டில் வரும். சீட்டோ ஆத்தூரில் தகரப் பெட்டிக்குள் கிடக்கும். முன்பணம் பெற்றுச் செங்கற்சூளைக்குக் குடும்பத்தோடு பெயர்வோரிடம் அதுவும் இராது. நள்ளிரவில் வந்த தாயை முதன்முறை காணும் மருத்துவர் எதைக்கொண்டு முடிவு செய்வார்?

இளைஞர்களே, உங்கள் தெருவில் அச்சீட்டுகளைத் தேடிப் படியுங்கள். கைபேசியில் படம் எடுத்துக் கணவனிடமும் மாமியாரிடமும் சேர்ப்பியுங்கள். எவ்வகை வெட்டு என்று எழுதப்படாதிருந்தால், தாய் வீடு திரும்புமுன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பது உரிமை, கைகட்டி நின்ற காலம் போதும்.

தழும்புடையார்க்கு வீட்டிலோ, அறுவை வசதியற்ற நிலையத்திலோ பேறு பார்த்தல் கூடாது. உடனே அறுக்கவும் இரத்தம் ஏற்றவும் வல்ல சீமாங் மையமே வேண்டும்; சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. வலியைத் தூண்டவென்று கடையில் மாத்திரை வாங்கித் தருவது கொடிது. இடைவெளியிலும் நீங்காத வயிற்றுநோவு, இரத்தப்போக்கு, மயக்கம் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். வந்துகொண்டிருந்த வலி திடீரென நின்றால், 'விடியட்டும், பார்ப்போம்' என்பர் பாட்டிமார். தழும்புடையாளுக்கு அதுவே அபாயக் குறியாகலாம்.

ஒரு பேற்றுக்கும் அடுத்த கருவுக்கும் இடையே 24 மாதமேனும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆண்மகவு வேண்டி மறு ஆண்டே அவசரப்படுத்தும் வீடுகள் நம்மிடையே உண்டு. தாய்மார்களே, இதனை மருமகளிடம் மட்டுமன்றி மகனிடமும் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் இருவரும் சேர்ந்தே சென்று கேட்கலாம்; அறுவையின்போதே காப்பர்-டி வைத்துக்கொள்ளவும் வழியுண்டு.